சேல்ஸ்ஃபோர்ஸ், ஹப்ஸ்பாட், ஜோஹோ சிஆர்எம்: எந்த ஏபிஐயை நம்பி சிங்க் எழுதலாம்?

வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளான சிஆர்எம்மிலிருந்து, ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) மூலம் அந்த விவரங்களை எடுப்பது பெரிய வேலையே இல்லை. டோக்கனை (நுழைவு அனுமதிக் குறியீடு) வாங்கி ஒரு அழைப்பு விட்டால் ஜேசன் வடிவில் தரவு வந்து விழும். தலைவலி அதற்கு அப்புறம்தான். ஆறு மாதம் கழித்தும் நம் பில்லிங் மென்பொருளும் சிஆர்எம்மும் ஒரே விவரத்தைச் சொல்கின்றனவா? இரண்டையும் அப்படி ஒத்துப்போக வைப்பதுதான் சிங்க், இந்த மூன்றையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில், உள்ளே நுழைவது. ஹப்ஸ்பாட்டில்தான் இது மிகச் சுலபம். பழைய ஏபிஐ கீ முறையை 2022 நவம்பர் 30-உடன் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த பிரைவேட் ஆப்பில் வேண்டிய அனுமதிகளை டிக் செய்து, கிடைக்கும் டோக்கனை ஒட்டினால் போதும். ஜோஹோவில் ஓஆத் (OAuth) என்ற அனுமதி முறைதான் வழி. ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும், ரெஃப்ரெஷ் டோக்கனை வைத்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கணக்கு எந்த டேட்டா சென்டரில் இருக்கிறதோ அந்த முகவரிக்குத்தான் அழைப்பு போக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஐரோப்பிய கணக்கின் டோக்கனோடு டாட் காம் முகவரியைத் தட்டினால் கதவு திறக்காது. சேல்ஸ்ஃபோர்ஸில் தொடக்க ஏற்பாடு இன்னும் நீளம்.

ஆனால் தப்பாகக் கேட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள், அங்கேதான் குணம் தெரியும். இல்லாத ஒரு ஃபீல்டை (தகவல் புலம்) சேல்ஸ்ஃபோர்ஸின் வினவல் மொழியான எஸ்ஓக்யூஎல்லில் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்று சேல்ஸ்ஃபோர்ஸ் அங்கேயே நிறுத்திவிடும். ஃபீல்டு இருந்தும் அந்தப் பயனருக்கு அனுமதி இல்லையென்றாலும் அதே செய்திதான் வரும். எழுத்துப்பிழை தேடி நேரத்தை வீணாக்காமல் அனுமதிப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஹப்ஸ்பாட்டோ, ரெக்கார்டை (ஒரு வாடிக்கையாளரின் பதிவு போன்றது) படிக்கும்போது தெரியாத ப்ராப்பர்ட்டி (ஃபீல்டுக்கு அங்கே அதுதான் பெயர்) பெயரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பதில் 200, அதாவது ‘வெற்றி’ என்று வரும், நீங்கள் கேட்ட மதிப்பு மட்டும் இருக்காது. சிங்க் வேலைக்கு இது ஆபத்தான மௌனம். முகத்தில் அடித்தாற்போலப் பிழை சொல்லும் ஏபிஐயே எனக்கு வேண்டும். ஜோஹோவில் மூன்றாம் பதிப்பிலிருந்து எந்தெந்த ஃபீல்டு வேண்டும் என்று சொல்வதே கட்டாயம், ஒரு அழைப்புக்கு 50 வரை.

மாறியவற்றை மட்டும் எடுப்பதில் ஹப்ஸ்பாட்டின் தேடல் ஏபிஐ ஒரு இடத்தில் மாட்டிவிடும். ஒரு தேடலுக்கு 10,000 முடிவுகளுக்கு மேல் தராது. பெரிய இறக்குமதி நடந்த மறுநாள் சிங்க் பாதியில் நிற்பது இதனால்தான். ஐடி வரிசையில் அடுக்கி, கடைசியாக வந்த ஐடியைவிடப் பெரியவை என்று வடிகட்டியைப் போட்டு அடுத்த தேடலைத் தொடங்கினால் தாண்டிவிடலாம். புதிதாகச் சேர்ந்த ரெக்கார்டு தேடலில் தெரியச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு ஓட்டத்திலும் சில நிமிடங்கள் பின்னோக்கிச் சேர்த்துக் கேளுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் மொத்தமாகத் தரவைக் கையாளும் பல்க் ஏபிஐ 2.0 இருப்பதால் லட்சக்கணக்கான ரெக்கார்டுகளுக்கும் பயமில்லை. அங்கே மாற்றங்களை அறிவிக்கும் சேஞ்ச் டேட்டா கேப்சர் நிகழ்வுகள் மூன்று நாள் தங்குவதால், நம் சர்வர் ஓர் இரவு படுத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஜோஹோவின் பல்க் ரீட் ஒரு வேலைக்கு இரண்டு லட்சம் ரெக்கார்டுகள் வரை தரும்.

எழுதும் பக்கத்தில் முதல் எதிரி இரட்டைப் பதிவு. சேல்ஸ்ஃபோர்ஸில் எக்ஸ்டர்னல் ஐடி ஃபீல்டு ஒன்றை உருவாக்கி நம் வாடிக்கையாளர் எண்ணை அதில் வைத்தால், அப்சர்ட் (ரெக்கார்டு இருந்தால் திருத்தும், இல்லையென்றால் சேர்க்கும்) எத்தனை முறை ஓடினாலும் ரெக்கார்டு ஒன்றுதான். ஹப்ஸ்பாட்டிலும் ஜோஹோவிலும் அப்சர்ட் உண்டு, ஒரு அழைப்புக்கு 100 ரெக்கார்டுகள் வரை. ஜோஹோவில் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். அழைப்பில் டிரிகர் பகுதியைக் குறிப்பிடாமல் விட்டால் அந்த மாட்யூலின் (சிஆர்எம்மின் அந்தப் பகுதியின்) வொர்க்ஃப்ளோக்கள், அதாவது தானியங்கி வேலைகள் எல்லாம் ஓடும். பழைய தரவை ஏற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், வாடிக்கையாளர்களுக்கோ வரவேற்பு மின்னஞ்சல் பறந்துகொண்டிருக்கும். டிரிகரைக் காலிப் பட்டியலாக அனுப்பினால் அமைதியாக ஏறும்.

வரம்புகளைப் பொறுத்தவரை, சேல்ஸ்ஃபோர்ஸ் 24 மணி நேரக் கணக்கு வைக்கிறது. எண்டர்பிரைஸ் பதிப்பில் அடிப்படை 1,00,000 அழைப்புகள், உரிமங்களுக்கு ஏற்ப அதற்கு மேலும் கூடும். ஹப்ஸ்பாட்டில் நாள் வரம்பு போக 10 வினாடிக்கு இத்தனை என்ற கட்டுப்பாடும் உண்டு, எனவே 429 (‘அழைப்புகள் அதிகம்’ என்ற பிழை) வந்தால் காத்திருந்து திரும்ப முயலும் நிரல் முதல் நாளே வேண்டும். ஜோஹோவில் கிரெடிட் முறை, அழைப்புகளுக்கு ஏற்ப கிரெடிட் கழியும்.

இணையப் படிவத்திலிருந்து தொடர்புகளைச் சேர்ப்பது, டீல் நிலையை மாற்றுவது என்ற அளவில் வேலை என்றால் ஹப்ஸ்பாட்டைத் தயங்காமல் எடுங்கள். கணக்குவழக்கு மென்பொருளோடு இருபக்க சிங்க் என்றால் என் ஓட்டு சேல்ஸ்ஃபோர்ஸுக்கு. அதன் செலவும் சிக்கலும் கட்டுப்படியாகாத குழுவுக்கு ஜோஹோ போதும், டிரிகரில் கவனம் இருக்கும் வரை.

எதை எடுத்தாலும், நீக்கப்பட்ட ரெக்கார்டுகள் வழக்கமான ‘மாறியவை’ தேடலில் வராது. சேல்ஸ்ஃபோர்ஸில் குவெரிஆல், ஹப்ஸ்பாட்டில் ஆர்க்கைவ்ட் பட்டியல், ஜோஹோவில் டெலிட்டெட் ரெக்கார்ட்ஸ் ஏபிஐ என்று தனி அழைப்பு போட வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸின் ரீசைக்கிள் பின் 15 நாள்தான் வைத்திருக்கும், ஜோஹோ 60 நாள். நீக்கச் சரிபார்ப்பை வாரம் ஒருமுறையாவது ஓட விடுங்கள்.