காட்பாடி சிறைக்காவலர் பயிற்சி மையம்: சேரலாமா?

இரண்டாம் நிலைச் சிறைக்காவலர் தேர்வுக்காகக் காட்பாடியில் ஒரு மையத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். பொது அறிவு வகுப்பு சுமார்தான், நோட்ஸ் பழசு, பாதி ஃபேன் ஓடாது.

ஆனால் ஓய்வுபெற்ற சிறை அலுவலர் ஒருவர் ஞாயிறு மாலை பணியாளர் நிர்வாகம் பற்றி எடுக்கும் வகுப்பு இருக்கிறதே, கொடுத்த பணம் அதற்கே சரியாகிவிடும். மத்திய அரசு 2016இல் வெளியிட்ட மாதிரி சிறைக் கையேடு 6 கைதிகளுக்கு ஒரு காவலர் என்கிறது, சரி, ஒரே ஒரு வாசலில் இரவு பகலாக ஆள் நிற்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். மூன்று ஷிப்ட், அதனால் 3 பேர் என்றது வகுப்பு. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருவர் 6 நாள் 8 மணி வீதம் பார்த்தால் 48, வகுத்தால் மூன்றரை, இதில் மருத்துவ விடுப்பும் தொரப்பாடி ஆப்கா (சிறைப் பணியாளர் பயிற்சி அகாடமி) மாதிரி இடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதும் சேரவே இல்லை என்று போர்டில் போட்டுக் காட்டினார். காலியிடத்தை நிரப்பாமல் விட்டால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்பது அப்போதே விளங்கிவிட்டது. சிறை அதிகாரிகளுக்கு ஐ.பி.எஸ். மாதிரி ஒரு அகில இந்தியப் பணி வேண்டும் என்று 1983இலேயே சிறைச் சீர்திருத்தத்துக்கான முல்லா குழு சொன்னதையும் அவர்தான் சொன்னார்; இன்னும் வந்தபாடில்லை.

மைதானப் பயிற்சி இங்கே கிடையாது, அதை வெளியே பார்த்துக்கொள்ளுங்கள். காவலர், தீயணைப்பாளர் பணிக்கும் இதே பொதுத் தேர்வுதான் என்பதால் அவர்களும் சேரலாம். அப்புறம், கட்டணம் கட்டுமுன் அந்த ஞாயிறு வகுப்பு இந்த பேட்சுக்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.