கரடிப்போக்கில் வாங்கிய 80 பக்க சி.ஆர். கொப்பி

மனத்தில் கிடப்பதை எழுதத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு, கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியிலுள்ள புத்தகக் கடையொன்றில் நான் வாங்கிய 80 பக்க சி.ஆர். கொப்பியையே, அதாவது பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் தடித்த மட்டைக் குறிப்பேட்டையே, பரிந்துரைப்பேன். அதற்கு முன்னர் இணையத்தில் வரவழைத்த நாட்குறிப்பு, இன்று நன்றி சொல்வதற்கு என்னென்ன உண்டு என்று பக்கந்தோறும் ஆங்கிலத்தில் கேட்டு, பதிலுக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தது. அண்ணனைப் பற்றி எழுத இருந்த எனக்கு அது போதவில்லை.

சி.ஆர். கொப்பியின் மட்டை தடிப்பானது என்பதால் மேசை இல்லாவிட்டாலும் மடியில் வைத்து எழுதலாம். அதைவிடப் பெரிய நன்மை, பிள்ளைகளின் பாடக் கொப்பிகளுக்கிடையே வைத்தால் எவர் கண்ணிலும் படாது என்பதே. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்த எங்கள் வீட்டார் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மட்டுமே கொண்டுவந்தார்கள். அக்கா தன் நாட்குறிப்பைத் தன் கையாலேயே எரித்தார். எழுதியதை யார் எடுத்து வாசிப்பார்களோ என்ற அந்தப் பயம் என்னிடமும் இருந்ததால், முதல் பக்கத்தில் ‘கணக்கு’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

உளவியலாளர்களான ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் அமெரிக்காவில் நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வின் முறையைப் பின்பற்றினேன்: தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், எழுத்துப் பிழை பார்க்காமல். அந்த ஆய்வில், நடந்ததையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதிய மாணவர்களுக்கு எழுதிய உடனே மனம் கனத்தது. ஆயினும் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனது மற்ற மாணவர்களைவிடக் குறைவு. எனக்கும் மூன்றாம் நாள் கை நடுங்கி, கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வெகுநேரம் அங்கேயே இருந்தேன். அந்தக் கனம் நாட்கணக்கில் இறங்காவிட்டாலோ உயிரை விடும் எண்ணம் வந்தாலோ, எழுதுவதை நிறுத்திவிட்டு, இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

குறைகளும் உண்டு. தாள் மெல்லியது; ஜெல் பேனை மறுபக்கம் ஊறும், ஆகவே குமிழ்முனைப் பேனையே நல்லது. நூல் தையல் என்பதால் ஓர் ஒற்றையைக் கிழித்தால் அதன் சோடியும் கழன்றுவிடும். மாரியில் பொலித்தீன் பையில் சுற்றி வைக்க வேண்டும். கடைக்காரர் 200 பக்கக் கொப்பியே மலிவு என்பார். ஆனால் தொடங்குகிறவருக்கு அத்தனை வெற்றுப் பக்கம் மலைப்பைத் தரும். இரண்டாம் முறையும் நான் 80 பக்கமே வாங்கினேன்.