ஏழுக்கு நாலு பாத்ரூம்: ஏழு வருஷம் புழங்கிய பிறகு

மடிப்பாக்கத்தில் எங்கள் பிளாட் 1998இல் கட்டியது. 820 சதுர அடி, இரண்டாவது மாடி, இரண்டு பாத்ரூம். படுக்கையறையோடு ஒட்டியது ஒன்று, ஹாலிலிருந்து போவது இன்னொன்று. ஹால் பாத்ரூம் 7 அடிக்கு 4 அடிதான். இந்தியன் டாய்லெட், ஒரு குழாய், மேலே காற்றுக்கென்று ஒரு சின்ன வென்டிலேட்டர். 2018 ஜனவரியில் அதை முழுக்க இடித்துக் கட்டினோம். 2025இல் வீட்டையே விற்றுவிட்டோம். நடுவில் ஏழு வருஷம் புழங்கியதில் எது உருப்படியாக நின்றது, எதில் பணம் வீணானது, வாங்க வந்தவர்கள் உண்மையில் எதைப் பார்த்தார்கள் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆரம்பம் அழகுக்காக இல்லை. கீழ் வீட்டு அக்கா ஒரு நாள் கூப்பிட்டு அவர்கள் பாத்ரூம் கூரையைக் காட்டினார். பெயிண்ட் உரிந்து, உப்பு பூத்து, நடுவில் தோசைக்கல் அளவுக்கு மஞ்சள் கறை. எப்படியும் இடிக்கத்தான் வேண்டும். இன்னும் சில வருஷத்தில் பெரிய வீட்டுக்குப் போகிற எண்ணமும் இருந்ததால், விற்கும்போது உதவுகிற மாதிரியே செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்த ஒரு யோசனை எங்கள் தலையில் பல தப்பான முடிவுகளையும் ஏற்றியது.

முதல் கேள்வி இந்தியனா வெஸ்டர்னா. அம்மாவுக்கு இந்தியன்தான் பழக்கம். வீட்டுத் தரகரைக் கேட்டேன். "ரெண்டுமே வெஸ்டர்ன்தான் சார் கேக்கறாங்க, இந்தியன்னா இடிக்கிற செலவைக் கணக்குப் போட்டுடுவாங்க" என்றார். இரண்டு விதமாகவும் உட்காரலாம் என்று ஆங்கிலோ இந்தியன் குளோசெட் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் வெஸ்டர்ன். அம்மா மூன்று மாதம் முணுமுணுத்தார். 2021இல் முழங்கால் அறுவை சிகிச்சை ஆனபிறகு அந்தப் பேச்சே இல்லை. அப்போது சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி பொருத்தினோம், 900 ரூபாய்.

மொத்தச் செலவு 1,60,000. இடிப்பு, குப்பை அள்ளியது, கசிவுத் தடுப்பு, குழாய் வேலை எல்லாம் சேர்த்து 58,000. டைல்ஸும் ஒட்டுக்கூலியும் 29,000. குளோசெட், வாஷ்பேசின், குழாய்கள், கீசர் 47,000. கண்ணாடித் தடுப்பு 14,000, பிவிசி கதவு 5,500, கண்ணாடி வைத்த அலமாரி 6,500. பில் விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விற்றபிறகு மூலதன ஆதாயத்துக்கு, அதாவது விற்ற லாபத்துக்கு, வரிக் கணக்குப் போடும்போது, வீட்டை மேம்படுத்தச் செய்த செலவைக் கழிக்கலாம், வெறும் பராமரிப்புச் செலவு சேராது என்று ஆடிட்டர் ஆதாரம் கேட்டார். என்னிடம் டைல்ஸ், சானிட்டரி பில் மட்டும்தான் இருந்தது. கூலியெல்லாம் கையில் கொடுத்தது, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இப்போது அந்த 58,000 பற்றி. பாத்ரூம் தளம் மற்ற இடங்களைவிட ஓர் அடிக்குக் கிட்ட பள்ளமாக இருக்கும், சங்கன் என்பார்கள். அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் போட்டு, செங்கல் ஜல்லி கொட்டி மூடி, மேலே தரை போடுவது வழக்கம். எங்கள் தரையை உடைத்து ஜல்லியை அள்ளியபோது அது ஊறிக் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது. இருபது வருஷத் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. மேஸ்திரி பள்ளத்தைச் சுத்தமாகக் கழுவி, மூலைகளைக் கலவையால் வளைத்துப் பூசி, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை இரண்டு கோட் அடித்தார். சுவரிலும் ஓர் அடிக்கு மேல் ஏற்றினார். பள்ளத்தின் அடிமட்டத்தில் ஒரு சின்னக் குழாயை வெளிச்சுவர் வழியாக விட்டார். மேலே எங்கே கசிந்தாலும் தண்ணீர் அடியில் தேங்காமல் வெளியே போய்விடும், வெளியே சொட்டுவதைப் பார்த்தே நமக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்தக் குழாயை அடைத்துவிட்டு, பள்ளத்தில் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டார். சுவரில் பென்சிலால் ஒரு கோடு. காலை, மாலை நான் போய்க் கோட்டைப் பார்ப்பேன். கீழே அக்கா நாற்காலி போட்டு ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு போன் செய்வார்: "தம்பி, இன்னிக்கும் காய்ஞ்சுதான் இருக்கு." மூன்றாம் நாளும் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. இந்தச் சோதனையைச் செய்யாமல் டைல்ஸ் ஒட்ட ஆரம்பிக்கிற மேஸ்திரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

ஒரு கோளாறும் நடந்தது. நாங்கள் வாங்கிய குளோசெட்டுக்குக் கழிவுக் குழாயின் மையம் சுவரிலிருந்து 9 இஞ்சில் இருக்க வேண்டும். பிளம்பர் செங்கல் சுவரிலிருந்து சரியாக 9 இஞ்ச் அளந்து வைத்துவிட்டார். பூச்சு, கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஒன்றரை இஞ்சைத் தின்றுவிடும் என்பது யார் நினைவிலும் இல்லை. டைல்ஸ் முடிந்தபிறகு குளோசெட்டை வைத்துப் பார்த்தால் தொட்டி சுவரில் இடிக்கிறது. திரும்ப உடைத்து, குழாயை நகர்த்தி, உடைத்த இடத்தில் மறுபடி கோட் அடித்து, மறுபடி தண்ணீர் கட்டி... ஐந்து நாள் போனது. டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்துதான் அளக்க வேண்டும். சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தாலும் தப்பில்லை.

தரை வாட்டம் மட்டும் பிரமாதமாக அமைந்தது. ஓர் அடிக்குக் கால் இஞ்ச் கணக்கில் மூலையை நோக்கிச் சரிவு. ஒரு வாளி ஊற்றினால் ஒரு சொட்டு தேங்காது. சின்ன பாத்ரூமில் இதைவிடப் பெரிய சௌகரியம் கிடையாது என்பது என் கட்சி. தரைக்கு ஓர் அடிக்கு ஓர் அடி, சொரசொரப்பான டைல்ஸ் போட்டதால்தான் நாலு பக்கமும் வாட்டம் எடுக்க முடிந்தது. பெரிய டைல்ஸ் போட்டால் இடுக்குகள் குறையும் என்று கடைக்காரர் தள்ளப் பார்த்தார். வாட்டத்துக்காகக் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும் என்று மேஸ்திரி மறுத்துவிட்டார்.

சறுக்கியது கண்ணாடித் தடுப்பில். ஈரப் பகுதி தனி, உலர்ந்த பகுதி தனி என்றால் வாங்குபவர்களுக்குப் பிடிக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஒரே மாதத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. வினிகர், எலுமிச்சைத் தோல், கடையில் விற்கிற திரவம் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. அப்புறம் 2019 வந்தது. அந்த ஜூன் மாதம் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரிக்காகத் தெருவே காத்துக்கிடந்தது. போர் காற்று வாங்கியது. ஷவரை யார் திறப்பது? வாளியும் டிரம்மும் பாத்ரூமுக்குள் வந்தன. கண்ணாடி இருப்பதால் டிரம் வைக்க இடமில்லை, வாளியோடு உள்ளே நுழைந்தால் முட்டி இடிக்கும். 2020இல் கழற்றி மொட்டை மாடியில் சாத்தினேன். இலவசம் என்று சொல்லியும் யாரும் எடுத்துப் போகவில்லை.

வாஷ்பேசினுக்குக் கறுப்புக் குழாய் வாங்கியதும் அதே கதை, உப்புக் கறை கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். குரோம் குழாய்கள் ஏழு வருஷத்துக்குப் பிறகும் துடைத்தால் மின்னின. டைல்ஸ் இடுக்கில் காசு மிச்சம் பிடிக்கச் சாதாரண சிமெண்ட் பூசினோம். தரையில் இரண்டே வருஷத்தில் கறுத்துவிட்டது. 2021இல் சுரண்டி எடுத்து, தண்ணீர் உறிஞ்சாத எபாக்சி கலவை பூசினேன், அதற்கப்புறம் தொந்தரவில்லை. பிவிசி கதவின் கீல் இரண்டு தடவை கழன்றது. வென்டிலேட்டரில் வைத்த 1,800 ரூபாய் எக்சாஸ்ட் ஃபேன்தான் இந்தப் பட்டியலிலேயே அதிகம் உழைத்தது.

இன்னொரு மனக்குறை நிறத்தில். மனைவிக்குக் கடல் பச்சை ஆசை. நான்தான், வாங்குபவர்களுக்கு எந்த நிறம் பிடிக்குமோ, பொதுவாக இருக்கட்டும் என்று வெளிர் சாம்பலில் நின்றேன். முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக ஏழு வருஷம் தினமும் காலையில் சாம்பல் சுவரைப் பார்த்தபடி பல் தேய்த்தோம்.

விற்கும் நேரத்தில் அதே தரகர் உண்மையைச் சொன்னார். பழைய பிளாட்டில் விலை போவது யுடிஎஸ்ஸுக்கு, அதாவது நம் பங்கு நிலத்துக்கு. பாத்ரூம் புதுசு என்று யாரும் கூடுதலாக ஒரு லட்சம் தரமாட்டார்கள். ஆனால் பாத்ரூம் மோசம் என்று குறைக்கத் தயங்கமாட்டார்கள். அப்படியே நடந்தது. முதலில் வந்த இரண்டு குடும்பமும் ஹால் பாத்ரூமில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நாங்கள் கை வைக்காத அட்டாச்டு பாத்ரூமில் மட்டும் பத்து நிமிஷம் நின்று, இடித்துக் கட்ட 2 லட்சம் ஆகும், விலையில் குறையுங்கள் என்றார்கள். இப்போது மறுபடி செய்வதாக இருந்தால் அதே பணத்தில் இரண்டு பாத்ரூமுக்கும் தரைக்கு அடியிலான வேலையைச் செய்துவிட்டு, மேலே மலிவான வெள்ளை டைல்ஸ் ஒட்டுவேன்.

மூன்றாவதாக வந்தது ஒரு இளம் தம்பதி, பெண்ணின் அப்பாவோடு. அவர் பேசவே இல்லை. ஹால் பாத்ரூமுக்குள் போய்ச் சுவரிலிருந்த கைப்பிடியைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் கொடுத்து இழுத்துப் பார்த்தார். வாளியில் தண்ணீர் பிடித்துத் தரையில் கொட்டி, அது மூலைக்கு ஓடி முடிகிறவரை குனிந்து பார்த்தார். அப்புறம் என்னிடம், "கீழ் வீட்ல யாராவது இருப்பாங்களா தம்பி?" என்றார். கூட்டிப் போனேன். அக்கா அதே நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். அவர் ஏறிக் கூரையைத் தடவினார், விரல்களைத் தேய்த்துப் பார்த்தார், இறங்கிவிட்டார்.

அட்டாச்டு பாத்ரூமுக்காக ஒன்றேகால் லட்சம் குறைத்து அன்றைக்கே டோக்கன் கொடுத்தார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் ஹால் பாத்ரூமை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த கிரே டைல்ஸ மட்டும் மாத்திடுவோம் அங்கிள், கொஞ்சம் டல்லா இருக்கு" என்றாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.