விண்டோஸ் 10-க்கு அடுத்து என்ன? பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காக மறுநாள் காலை எந்தக் கம்ப்யூட்டரும் ஆன் ஆகாமல் போகவில்லை. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது, அவ்வளவுதான். ஆனால் பேங்க் வேலை, வரித் தாக்கல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஓடுகிற வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம்.

பேச்சுக்கு ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். இன்டெல் ஐ3-6100, எச்110 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கூடவே ஒரு லேசர் பிரிண்டர். இப்படி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகள் ஏராளமான வீடுகளில் இன்னும் நன்றாக ஓடுகின்றன. இதை வைத்திருப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: பத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் இருப்பது, பதினொன்றை வலிந்து ஏற்றுவது, புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவது. புதிது வாங்குவதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. பணம் இருந்தால் வாங்கலாம். மற்ற மூன்றையும் பார்ப்போம்.

பத்திலேயே இருப்பது

வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலர். எப்படிச் சேர்ந்தாலும் 2026 அக்டோபர் 13 வரைக்குமான திட்டம் இது. ஆகவே இதை மாற்றத்துக்குத் தயாராகக் கிடைத்த அவகாசமாக எடுத்துக்கொள்வதே சரி. டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், போட்டோஷாப், பேஜ்மேக்கர் என்று விண்டோஸை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்கள் அவசியம் இதில் சேர்ந்துவிட வேண்டும்.

பதினொன்றை வலிந்து ஏற்றுவது

விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களை மட்டுமே தொடங்க விடும் ஏற்பாடு), இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல். நம் ஐ3-6100 ஆறாம் தலைமுறை, அதனால் தேறாது. ரூஃபஸ் என்ற இலவசக் கருவியில் பென் டிரைவ் தயாரிக்கும்போது இந்தச் சோதனைகளை நீக்கும் டிக் பெட்டி இருக்கிறது. அதை வைத்து ஏற்றினால் ஏறிவிடும், மாதாந்திர அப்டேட்டும் பெரும்பாலும் வரும். சிக்கல் ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பில்தான். அது தானாக வராது. ஒவ்வொரு முறையும் பென் டிரைவ் தயாரித்து நீங்களே ஏற்ற வேண்டும். தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. கோர் 2 டுவோ காலத்துக் கம்ப்யூட்டர் என்றால் இந்த வழியும் அடைபட்டது: 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் ப்ராசசரிலேயே இருந்தாக வேண்டும், அதில் அவை இல்லை.

கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தால் இது நடைமுறைக்கு ஒத்துவரும். வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டில் இதைச் செய்து வைக்காதீர்கள்.

லினக்ஸ் என்றால் எந்த லினக்ஸ்?

லினக்ஸ் வகைகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் வீட்டு டெஸ்க்டாப்புக்கு உண்மையில் போட்டி நான்குக்குள்தான்.

ஃபெடோரா புதிய மென்பொருளை வேகமாகத் தரும். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஏறத்தாழ 13 மாதம். வீடியோ கோடெக்குகளுக்கும் (வீடியோ ஓடத் தேவையான நிரல்கள்) என்விடியா டிரைவருக்கும் தனிக் களஞ்சியம் சேர்க்க வேண்டும். மாறியதும் முதலில் உட்கார ஏற்ற இடம் இல்லை.

உபுண்டு 24.04-க்கு 2029 வரை ஆதரவு. உபுண்டு புரோவில் பதிந்தால் பத்தாண்டு. தனிநபருக்கு ஐந்து கம்ப்யூட்டர் வரை இலவசம். ஆனால் திரையின் இடப்பக்கம் நிற்கும் பட்டை, மினிமைஸ் செய்யும் பழக்கமே மாறுவது என்று விண்டோஸ்காரருக்குத் தோற்றம் அந்நியமாக இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் வருவதால் ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் முதல் முறை திறக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சோரின் 18, விண்டோஸ் 10 ஓய்வு பெற்ற அதே நாளில் வெளிவந்தது. பார்க்க விண்டோஸ் போலவே இருக்கும், அழகும் அதிகம்.

லினக்ஸ் மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. ஆதரவு 2029 வரை. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று கை தானாகப் போகிற இடத்தில் எல்லாம் இருக்கும். ஸ்னாப் கிடையாது. அப்டேட் மேனேஜர் எதையும் உங்களைக் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்யாது. வீட்டுக்கு இதைத்தான் உறுதியாகப் பரிந்துரைக்கலாம். 8 ஜிபி ரேமுக்கு சின்னமன் பதிப்பு, 4 ஜிபிக்கு அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

இங்கே ஒன்றை உடைத்துச் சொல்ல வேண்டும். லினக்ஸ் போட்டால் பழைய கம்ப்யூட்டர் பறக்கும் என்பது பாதி உண்மை. டெஸ்க்டாப் சும்மா நிற்கும்போது ரேம் குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் குரோமில் பதினைந்து டேப் திறந்தால் அது இரண்டிலும் ஒரே அளவு ரேமைத்தான் தின்னும். வேகத்தை உண்மையில் மாற்றுவது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போடுங்கள். மாறுவதில் இருக்கும் பெரிய ஆபத்தையும் அதே எஸ்எஸ்டிதான் நீக்கப்போகிறது.

ஒரே டிஸ்கா, தனி டிஸ்கா?

இணையத்தில் பல வழிகாட்டிகள் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கி, மிச்ச இடத்தில் லினக்ஸைப் போடச் சொல்கின்றன. செய்யலாம். ஆனால் அதற்குமுன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைக்க வேண்டும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விண்டோஸை முழுதாக மூட விடாத வசதி) அணைக்க வேண்டும், நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இத்தனை கவலை எதற்கு? கேபினட்டைத் திறந்து, விண்டோஸ் இருக்கும் ஹார்ட் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். புது எஸ்எஸ்டி மட்டும் மாட்டியிருக்கட்டும். அதில் மின்ட்டை முழு டிஸ்க்காக நிறுவுங்கள். பிறகு பழைய கேபிளை மாட்டுங்கள்.

கழற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. மின்ட்டின் நிறுவல் நிரல், எந்த டிஸ்கைத் தேர்ந்தாலும், பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரல்) முதல் டிஸ்கில் அதற்கென இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்துவிடும் பழக்கம் உள்ளது. அப்போதைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஒரு வருடம் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்று எடுத்தால், எஸ்எஸ்டியில் லினக்ஸ் முழுசாக இருந்தும் கம்ப்யூட்டர் பூட் ஆகாது.

இப்படித் தனித்தனி டிஸ்க்கில் இருந்தால், ஆன் செய்யும்போது பூட் மெனுவில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். ஜிகாபைட், டெல், லெனோவாவில் எஃப்12, ஏசஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்கில் எஃப்11, ஹெச்பியில் எஃப்9.

நிறுவும் வேலை நேரானது. மின்ட் தளத்திலிருந்து சுமார் 3 ஜிபி ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி இறங்கிய கோப்பால் நடுவழியில் நிற்கும் நிறுவல்கள் நிறைய. 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் வழியாக எழுதி, அதிலிருந்து பூட் செய்தால் எதையும் நிறுவாமலேயே மின்ட் ஓடும். திரை கறுப்பாக நின்றால் பென் டிரைவிலிருந்து தொடங்கும்போது வரும் மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோடு என்ற வரியைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்த நிலையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து ஒலி, வைஃபை, பிரிண்ட் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். டிஸ்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா முறை ரெய்டில் இருக்கும். ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸும் அதே போர்டில் ஓடுகிறது என்றால், முதலில் விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது நீலத் திரையில் நின்றுவிடும். நிறுவும்போது மல்டிமீடியா கோடெக் டிக்கைப் போட மறக்காதீர்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

வைஃபையில் முதலில். டெஸ்க்டாப்புகளில் பலவும் யூஎஸ்பி வைஃபை டாங்கிளில்தான் ஓடுகின்றன, அதில் ரியல்டெக் சிப் அதிகம். சில மாடல்களுக்கு டிரைவர் உடனே கிடைக்காது. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்யுங்கள். மின்ட் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அப்புறம் டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

என்விடியா கார்டு இருந்தால் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்டதைப் போடுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வரும், அதில் என்ரோல் மோக் (Enroll MOK) என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். பயந்து கண்டினியூ அழுத்திவிட்டால் டிரைவர் ஏறாது. நம் ஐ3-இன் உள்ளமைந்த இன்டெல் கிராபிக்ஸுக்கு இது எதுவும் தேவையில்லை.

பிரிண்டர்தான் பலரைத் திரும்பவும் விண்டோஸுக்கே அனுப்புகிறது. எப்சனின் இங்க் டேங்க் வரிசைக்குப் பெரும்பாலும் மாட்டினால் போதும். ஹெச்பி லேசர்ஜெட் 1020 கொஞ்சம் விசித்திரமானது. அதன் இயக்க நிரல் பிரிண்டரில் நிலையாக இருக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்ப வேண்டும். அந்த நிரல், லினக்ஸில் ஹெச்பி பிரிண்டர்களை இயக்கும் ஹெச்பிலிப் மென்பொருளோடு வராமல் தனி ப்ளக்இன்னாக வருகிறது. ஹெச்பிலிப் அப்டேட் ஆகி ப்ளக்இன் பழையதாகவே நின்றால், கொடுத்த பிரிண்ட் ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் காணாமல் போகும். ப்ளக்இன்னை மறுபடி நிறுவினால் சரியாகும். கேனன் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் யோசித்து இறங்குங்கள். அது பேசும் கேப்ட் மொழிக்கான லினக்ஸ் டிரைவர் பழையது, 32-பிட் கோப்புகளைக் கேட்கும். இன்று ஓடினாலும் அடுத்த பதிப்பில் உடையலாம்.

தமிழ் எழுதுவது

விண்டோஸில் என்ஹெச்எம் ரைட்டர் பழகியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். என்ஹெச்எம் ரைட்டர் லினக்ஸுக்குக் கிடையாது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, லாக்அவுட் செய்து உள்ளே வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ் என்ற பிரிவிலிருந்து தமிழ்99 அல்லது ஃபோனெடிக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்99 என்று ஒன்று இருக்கும். அதை எடுக்காதீர்கள். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டுமே அறிந்தது. 'க' விசையை இரண்டு முறை தட்டினால் 'கக' என்றுதான் விழும். எம்17என் வழி வரும் தமிழ்99-இல் அதே தட்டலுக்கு 'க்க' வரும், புள்ளியை அதுவே வைக்கும். பழக்கப்பட்ட விரலுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் இருந்தால் கவலை வேண்டாம். எழுத்துருக் கோப்பை ஹோம் அடைவில் எழுத்துருக்களுக்கான இடத்தில் போட்டால் லிப்ரே ஆபிஸில் அப்படியே திறக்கும். யூனிகோடு கோப்புகளில் வேறு சிக்கல் வரும்: விண்டோஸ் எழுத்துருக்களான லதாவிலோ நிர்மலாவிலோ தட்டிய பக்கம் லினக்ஸில் வேறு எழுத்துருவுக்கு மாறி, வரிகள் நகர்ந்து, ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி இனிமேல் அதிலேயே எழுதுங்கள். மற்றவருக்கு அனுப்புவதை பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.

நிறுவிய பிறகு

முதல் வேலை, மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் கருவியைத் திறந்து, சிஸ்டத்தின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைப்பது. அப்டேட் ஒன்று கெடுத்தால் பத்து நிமிடத்தில் பின்னால் போய்விடலாம். ஆனால் அது சிஸ்டத்தை மட்டுமே காப்பாற்றும். உங்கள் படங்கள், கோப்புகளை அது சேமிப்பதில்லை. அவற்றுக்கு வெளி ஹார்ட் டிஸ்க் தனியாக வேண்டும்.

பழைய கேபிளை மாட்டி விண்டோஸுக்குப் போனதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பேட்டரி போய்விட்டது என்று சிமாஸ் பேட்டரியை மாற்ற வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை மணி. லினக்ஸ் டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்ற கட்டளையைக் கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

லினக்ஸிலிருந்து பழைய டிஸ்கைத் திறந்தால் படிக்க மட்டும் விடுகிறதா? விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறங்கும், அந்த டிஸ்கில் எழுதினால் கோப்பு கெடும் என்பதால் லினக்ஸ் தள்ளி நிற்கிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அதை அணையுங்கள்.

அந்த டிஸ்கை மூன்று மாதம் தொடாமல் வைத்திருங்கள். ஒவ்வொரு முறை விண்டோஸுக்குப் போகும்போதும் எதற்காகப் போனீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். டாலி, வேலோரன்ட் விளையாட்டு, கேனன் பிரிண்டர் என்று தாள் நிறைந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தாள் வெறுமையாகவே இருந்தால் படங்களை வெளி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, பழைய 1 டிபியை ஃபார்மட் செய்து பேக்கப் டிஸ்காக்கிக் கொள்ளலாம்.