இரண்டு மழைக்காலம் தாங்கிய குளத்து ஷீட்

2015-இல் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்த சென்னைப் புறநகர் முடிச்சூரில், கொல்லையைத் தோண்டிக் குளம் வெட்டப் போகிறேன் என்றதும் மாமியார் கேட்டது ஒன்றுதான்: "ஏம்மா, பட்டது போதாதா?"

மேஸ்திரி சிமென்ட் தொட்டி கட்டிவிடலாம் என்றார். புதுச் சிமென்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்புக் காரம் மீனைக் கொன்றுவிடும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லாததால் குழிக்குள் விரிக்க 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) கனமுள்ள கறுப்பு ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட்டை ஆன்லைனில் வாங்கினேன். குளம் 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம். அதற்கு 14-க்கு 11 அடி ஷீட். சுமார் 2,200 லிட்டர் பிடிக்கிறது.

விரிப்பதுதான் பெரும்பாடு. தார்ப்பாய் மாதிரி மடங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் காயப்போட்டால் கொஞ்சம் இளகும். அடியில் இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் பழைய சாக்கு போட்டேன். வேப்ப மரத்து வேர் ஒன்றை விட்டுவைத்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

இரண்டு வருடமாக ஒழுகவில்லை என்று சொல்ல ஆசை. ஒருமுறை ஓரத்தைப் பெருச்சாளி கடித்தது. ஃபெவிக்விக் இதில் ஒட்டவே ஒட்டாது. ப்யூட்டைல் டேப் என்கிற ரப்பர் ஒட்டுப் பட்டைதான் நின்றது. அதைவிடப் பயந்தது முதல் நவம்பரில். சுத்தம் செய்யலாமே என்று பாதித் தண்ணீரை இறைத்தேன். மறுநாள் காலையில் ஷீட் பூரி மாதிரி உப்பி நடுவில் எழுந்து நிற்கிறது! நிலத்தடி நீர் மேலே ஏறி, அடியிலிருந்து தள்ளியிருக்கிறது. ஷீட் மேல் குற்றமில்லை, புத்தி எனக்குத்தான் இல்லை. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் குளத்தை இறைக்காதீர்கள்.

அப்புறம் மீன். கொளத்தூரில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், குளத்தின் அளவையும் தண்ணீர் நிரப்பி மூன்றே நாள்தான் ஆகிறது என்பதையும் சொல்லித்தான் கேட்டேன். "கோய் விடுங்க மேடம், கலரா இருக்கும்" என்று அந்த வண்ணக் கெண்டை மீனில் ஆறு கொடுத்தார்கள். ஒன்பது நாளில் நான்கு செத்து மிதந்தன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா புதுக் குளத்தில் பெருக நாலைந்து வாரம் ஆகுமாம். சிமென்டுக்குக் காத்திருக்க மாட்டேன் என்றவளுக்கு ஷீட்டிலும் அதே காத்திருப்பு. போதாததற்கு, கோய் வளர்ந்தால் இரண்டடி நீளம் வரும். என் குளம் அதற்குக் கால் நீட்டக்கூடப் போதாது. போனில் கேட்டதற்கு "தண்ணி மாத்துங்க" என்று வைத்துவிட்டார்கள். மிச்சம் இரண்டையும் பெரிய குளம் உள்ள நண்பர் வீட்டுக்கு அனுப்பினேன்.

ஒரு மாதம் அல்லியும் வேலம்பாசியும் மட்டும் வைத்திருந்து, பிறகு இருபது கப்பி என்கிற சின்ன மீன் விட்டேன். இப்போது எண்ண முடியவில்லை. கொசுப்புழு ஒன்றுகூடத் தப்புவதில்லை என்பதால் மாமியாரும் சமாதானம். மீன்கொத்திதான் வாடகை வசூலிக்கிற மாதிரி தினமும் வருகிறது.

ஷீட்டுக்கு ஐந்துக்கு நான்கு. அந்தக் கடைக்கு ஒன்று, அதுவும் பாக்கெட்டில் ஆக்ஸிஜன் நன்றாக அடைத்ததற்கு. வாங்குகிறவர்கள் கணக்குக்கு மேல் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி கூட்டியே வாங்குங்கள். எனக்கு ஒரு மூலையில் ஒரு சாண் குறைந்துபோய், அந்த இடத்தை மட்டும் துளசித் தொட்டி வைத்து மறைத்திருக்கிறேன்.