ரிமோட் டெஸ்க்டாப்பா, டைட்விஎன்சியா: பாஸ்வேர்டு மாற்ற எது தேவலை?

தொலைவில் இருக்கும் கணினியை இங்கிருந்தே இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கெனத் தனி பாஸ்வேர்டு கிடையாது. உங்கள் விண்டோஸ் கணக்குக்கு இருப்பதுதான். தொலைவிலிருந்தே மாற்ற வேண்டுமா? கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். (எண்டுக்குப் பதில் டெலீட்டை அழுத்தினால் உங்கள் முன்னால் இருக்கும் கணினிதான் விழித்துக்கொள்ளும்!) வழக்கமாக அடிக்கும் பின் நம்பர் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் பொதுவாக உள்ளே விடாது.

அதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான டைட்விஎன்சியில் பாஸ்வேர்டு தனி. சர்வர் அமைப்புகளில் மாற்றினால் போதும், விண்டோஸ் கணக்கைத் தொட வேண்டாம். திரையைப் பார்க்க மட்டும் இன்னொரு பாஸ்வேர்டு தரலாம். அது நல்ல வசதி. ஆனால் எவ்வளவு நீளமாக யோசித்து வைத்தாலும் முதல் 8 எழுத்துகள்தான் கணக்கு, மீதி வீண். பழைய விஎன்சி முறையின் மிச்சம் அது. அலுவலகக் கணினி என்றால் நான் ரிமோட் டெஸ்க்டாப் பக்கம்தான். டைட்விஎன்சி வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் இருக்கட்டும்.