டிவியா, இரண்டு பேப்பரா, செய்தி முகமையா?

நடுநிலையான செய்தி எங்கே கிடைக்கும் என்று தேடி அலுத்துப்போய், ஒரு வருடமாக ராய்ட்டர்ஸ், ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) போன்ற செய்தி முகமைகளைத்தான், அதாவது செய்தி சேகரித்துப் பேப்பருக்கும் டிவிக்கும் கொடுக்கும் நிறுவனங்களைத்தான், முதலில் படிக்கிறேன். அதற்கு முன்பு 24 மணி நேர டிவி, அப்புறம் கொஞ்ச காலம் எதிரெதிர்ச் சாய்வுள்ள இரண்டு பேப்பர்கள். மூன்றிலும் நாள் கழித்திருக்கிறேன். இப்போது என் ஓட்டு முகமைக்குத்தான்.

டிவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாள் முழுக்க நிரப்பியாக வேண்டும், அந்த அளவுக்குச் செய்தி கிடையாது, ஆகவே நான்கு பேரை உட்காரவைத்துச் சண்டை. வெள்ளம், தேர்தல் முடிவு என்று வரும் நாட்களில் அதை மிஞ்ச ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு பேப்பர் படிப்பது அருமையான பழக்கம். ஒன்றில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது, இன்னொன்றில் ஏழாம் பக்க மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். எதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டும் என்பதை ஊடகம்தான் வரிசைப்படுத்துகிறது என்று மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1972-இல் எழுதினார்கள். அந்த வரிசை கைமாறுவதை இரண்டு பேப்பரையும் விரித்து வைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் ஒருநாள் வெளிநாட்டுச் செய்தி ஒன்று இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கவே, ‘சரி, உறுதியான தகவல்தான்’ என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், இரண்டிலும் தலைப்புக்குக் கீழே ஒரே முகமையின் பெயர். இரண்டு சாட்சி என்று நான் எண்ணியது ஒரே ஆள்! அந்த ஆளிடமே நேராகப் போய்விடலாமே என்று தோன்றியது.

முகமைகள் புனிதமானவை என்றெல்லாம் சொல்லவில்லை. அவற்றின் நிதானத்துக்குப் பின்னால் வியாபாரம் இருக்கிறது. 1846-இல் தொடங்கிய ஏபி, உறுப்பினர் பத்திரிகைகள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு அமைப்பு. எல்லாச் சாய்வுள்ள பேப்பர்களுக்கும் ஒரே செய்தியைக் கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்க வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அதனால் எழுத்து உப்புச்சப்பில்லாமல் இருக்கும். முதல் மாதம் எனக்குக் கொட்டாவி வந்தது உண்மை.

ஆனாலும் என்னை இழுத்துப் பிடித்தது திருத்தம். சார்பு, நேர்மை எல்லாவற்றையும்விட, தப்பு நடந்தபின் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

ஒரு சேனலின் துண்டு வீடியோவை நம்பி, ஒரு மரணச் செய்தியைக் குடும்பக் குழுவில் போட்டேன். மறுநாள் காலை அந்தப் பிரபலம் உயிரோடு பேட்டி கொடுக்கிறார். சேனல் அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது, வருத்தம் என்று ஒரு வரிகூட இல்லை. நான்தான் ஒவ்வொருவரிடமாக அசடு வழிந்தேன். பொய் போன வேகத்தில் என் மறுப்பு போகவில்லை. 2018-இல் சயன்ஸ் இதழில் வந்த, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு ட்விட்டரில் கண்டதும் இதுதான்: பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு, உண்மையைவிட 70 சதவீதம் அதிகம்.

முகமைகளும் சறுக்கியிருக்கின்றன. 2006 லெபனான் போரின்போது ஒரு புகைப்படத்தில் புகையைக் கூட்டிக் காட்டியிருப்பது தெரிந்ததும், ராய்ட்டர்ஸ் அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, அதை வெளிப்படையாக அறிவித்தது. தினசரிச் செய்தியிலும் எந்தப் பத்தியில் எது மாற்றப்பட்டது என்று குறிப்பு போடுகிறார்கள். எங்கே தப்பு விட்டார்கள் என்று எனக்குத் தெரிகிறது. அது போதும்.

இதில் என் மனசாட்சியையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. 1982-இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே டிவி செய்திகளை, இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் போட்டுக் காட்டினார்கள். தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு தரப்புமே சொன்னது. 1985-இல் வெளியான அந்த ஆய்வைப் படித்ததிலிருந்து, ‘இது நடுநிலை’ என்று எனக்குத் தோன்றுவதை அளவுகோலாக வைத்துக்கொள்வதில்லை. திருத்தம் வந்ததா இல்லையா என்பதை எண்ணிப் பார்க்கலாம், அதில் என் விருப்பு வெறுப்புக்கு வேலையில்லை.

முகமையில் கிடைக்காதது உள்ளூர்ச் செய்தி. தண்ணீர், சாலை, பள்ளிக்கூடம் என்று எதைத் தேடினாலும் அங்கே இருக்காது. நீண்ட அலசல்களில் முகமைகள் எப்படி என்று சொல்லும் அளவுக்கும் நான் படித்ததில்லை, ஒரு வருட அனுபவம்தானே. அதனால் இரண்டு பேப்பரில் ஒன்றை மட்டும் நிறுத்தினேன். தவறுகளைத் திருத்திப் போட நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கும் பேப்பரை வைத்துக்கொண்டேன். அதன் தலையங்கத்தோடு எனக்குப் பாதி நாள் ஒத்துப்போகாது.